எல்லாவற்றுக்கும் கீழே ஒரு லேயர்

மறுபடியும் வெள்ளை. சேவ் கொடுத்ததும் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்திலிருந்து தொடங்கி படத்தில் அவன் காது, நெற்றி, சட்டைக் காலர் என்று ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வரும், சுட்டி வட்டமாகச் சுற்றும், நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இந்த நேரத்தில் எதையாவது தொட்டால் இன்னும் கெட்டுப்போகும். அப்புறம் அந்தச் சின்னப் பெட்டி வருகிறது. வேலை செய்வது நின்றுவிட்டது, தீர்வு இருக்கிறதா என்று தேடுகிறோம், கிடைத்தால் தெரிவிக்கிறோம். ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறது, எனக்கு மட்டும் அது போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரின் குரலில் கேட்கிறது. அவரும் இதையேதான் சொன்னார், என் மகன் கிருபா காணாமல் போன தைப்பூசத்துக்கு மறுநாள், பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே, "தேடறோம், கெடைச்சாச் சொல்லி விடறோம், போங்க." பன்னிரண்டு வருஷமாகிறது. அவரும் தேடுகிறார், இந்தக் கம்ப்யூட்டரும் தேடுகிறது, கிடைத்தது என்று ஒரு தகவலும் இல்லை. சாயங்காலம் தாராபுரத்தில் பழனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்குள் போஸ்டர் அச்சாகி வர வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்குள் பென் டிரைவைக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் பூசம் முடிந்துதான் என்று அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார். பூசம் முடிந்து ஒட்டி என்ன, காக்காய்க்கும் நாய்க்கும் காட்டவா? ஊரெல்லாம் பழனியில் கூடுகிற நாள் அது. எங்கே இருந்தாலும் அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தனாக வரலாம், அவனைப் பார்த்தவன் ஒருத்தனாவது வரலாம், அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் புது போஸ்டர். சமையலறையிலிருந்து மைதா பசை வேகிற வாசனை வருகிறது. என் மனைவி வசந்தாமணி மயில்துத்தம் போட்டுக் கிண்டுகிறாள், பூச்சி அரிக்காமல் இருக்க. பசை தயாராகிவிடும், ஒட்டுவதற்குத்தான் இன்னும் முகம் வரவில்லை.

இது கிருபா ஒன்பதாவது படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர். மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன். எனக்கு வேர்க்கிறது, அது சூடாகாமல் இருந்தால் சரி. பிழைப்புக்குக் கல்யாண ஆல்பம், அதற்குக் கடையில் புதுக் கம்ப்யூட்டர் இருக்கிறது, மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைக்கவும் பெண்ணை அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுப்பாக்கவும் அது போதும். இந்தப் பழசு வீட்டில் இருப்பது இந்த ஒரே ஒரு போஸ்டருக்காக. புதுசில் ஒருதரம் திறந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் ஆங்கிலச் சாவியைத் தட்டினால் தமிழ் வருகிற அந்தக் காலத்து ஃபாண்டில் அடித்தது, அந்த ஃபாண்ட் புதுசில் ஏறவில்லை. காணவில்லை என்று இருக்க வேண்டிய இடத்தில் எஃப், எச், இசட், டி, பி, ஒய், அரைப்புள்ளி, ஐ, ஒய். கிருபா இருந்த இடத்தில் எஃப், பி, யூ, ஜி, எச். பார்க்கிறவர்களுக்குக் குப்பை. எனக்கு வாசிக்க வந்தது, விரல் அந்தச் சாவிகளில் பழகிக் கிடக்கிறதே. பெயர்கூட இல்லாமல் அவன் அங்கே நிற்பதைப் பார்க்க மனசு வராமல் உடனே மூடிவிட்டேன். புது எழுத்தில் திரும்ப அடித்துக்கொள்ளலாம், ஐந்து நிமிஷ வேலை. செய்யமாட்டேன். காலையிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்கிற ஷாஜகானுக்கு மூன்று நாலு தரம் போன் போட்டாயிற்று, அவனும் அலுக்காமல்தான் பேசினான். "அண்ணா, ராமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேச்சீங்களாங்ணா?" தேய்த்தேன். அந்த மெமரித் தகட்டைத் தேய்க்க ரப்பருக்கு எங்கே போவது, கிருபாவின் காம்பஸ் பெட்டியைத்தான் திறந்தேன், ஒரு முனையில் அவன் கடித்த பல் தடம், மறு முனையால் தேய்த்தேன். பல் தடம் இருக்கிற பக்கம் தேயக் கூடாது என்று கவனமாகத் தேய்த்தேன். "சி டிரைவ்ல எடம் இருக்குதுங்களா?" இருக்கிறது, கல்யாணப் படங்களையெல்லாம் அழித்துவிட்டேன். "அப்ப லேயர்தானுங்ணா. எத்தன வெச்சிருக்கீங்க?" சொன்னேன். மூலப் படத்தின் மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதுதான் லேயர். "அண்ணா, அத்தனையும் மெர்ஜ் பண்ணி ஒண்ணாக்கி உடுங்க. பழைய மிசின், பாவம், எப்புடித் தாங்கும்?" முடியாதுப்பா என்றேன். அவனுக்குத் தெரியும், தாராபுரத்தில் யாருக்குத் தெரியாது. குரலைத் தழைத்துக்கொண்டான். "அப்பன்னா மேல இருந்து ஒவ்வொரு லேயரா கண்ணை மூடிக்கிட்டே வாங்க. மூடி மூடி சேவ் பண்ணிப் பாருங்க. எதுல கோளாறுன்னு தெரிஞ்சு போகும்." கண்ணை மூடுவது என்றால் அந்த லேயரை அப்போதைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று சொல்வது. ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும், அதைத் தட்டினால் மூடிக்கொள்ளும். சரி என்று சொன்னேன். சொல்லி அரைமணி ஆகிறது, இன்னும் ஒரு கண்ணையும் மூடவில்லை.

ஒவ்வொரு லேயரும் ஒரு வருஷம், அதுதான் விஷயம். முதலில் போட்டது மொட்டை. பாதயாத்திரைக் கோஷ்டியோடு நடந்து போனான், பதினேழு வயசு, அடிவாரத்தில் எல்லாரும் டீ குடிக்க நின்றபோது, "நீங்க குடிங்க, நான் மொட்டை போட்டுட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான், அவ்வளவுதான் யாருக்கும் தெரிந்தது. சண்டை கிடையாது, பரீட்சையில் தோற்கவில்லை, பெண் விவகாரம் என்று ஊர் சொன்னது, அதுவும் கிடையாது. காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். மொட்டை போட்டிருப்பானே என்று படத்தில் முடியை எடுத்துவிட்டேன், நல்ல வேலை, மண்டையில் வெயில் பட்டு மின்னுகிறதுகூடச் சரியாக வந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் விடிய விடிய அடிவாரம் பூராவும் ஒட்டினோம். விடிந்து பார்த்தால் எங்களைச் சுற்றி ஆயிரம் மொட்டை. சந்தனம் பூசிய மொட்டை, தொப்பி வைத்த மொட்டை, அப்பன் தோளில் தூங்குகிற குட்டி மொட்டை. பழனியில் போய் மொட்டைப் பையனைக் காணவில்லை என்று ஒட்டியவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பசை வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் முடி வளர்த்தேன். அதற்கடுத்த வருஷம் கன்னத்துச் சதையைக் கொஞ்சம் எடுத்தேன், எங்கே சாப்பிடுகிறானோ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அப்புறம் பூனை மீசை, அப்புறம் நிஜ மீசை. வெயிலில் வேலை செய்கிறவனாக இருப்பான் என்று ஒரு வருஷம் நிறத்தைக் கருக்கினேன், ஊரான் பிள்ளைகளையெல்லாம் வெளுப்பாக்குகிற கையால். மறு வருஷம் மனசு கேட்காமல் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வருஷம் நெற்றியில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போட ஒரு நாள் முழுக்க ஆயிற்று. என்ன கவலைக்காக அந்தக் கோடு விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மீசைக்கு அப்புறம் என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பதினேழோடு நின்றுபோன முகம் இருபத்தைந்தில் எப்படி இருக்கும் என்று எதைப் பார்த்துச் செய்வது? என் பழைய படங்களைத்தான் எடுத்தேன். என் தாடை, என் முன்மண்டையில் வழுக்கை ஏறிய விதம், என் கண்ணுக்குக் கீழே விழுந்த பை. பெற்றவன் சாயல் இல்லாமலா போகும், எல்லாரும் சின்ன வயசில் அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்றுதானே சொன்னார்கள். இந்த வருஷம் அவனுக்கு இருபத்தொன்பது. என் கல்யாண வயசு. அதனால் என் கல்யாணப் போட்டோவிலிருந்தே எடுத்தேன், மாலையை அழித்துவிட்டு. பொருந்திப் போயிற்று. ரொம்பப் பொருந்திப் போயிற்று, அதுதான் காலையிலிருந்து உறுத்துகிறது. போன வருஷம் அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பூக்காரம்மா பக்கத்தில் வந்து நின்று போஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போஸ்டரைப் பார்த்தாள். "ஏனுங்க, இது உங்க சின்ன வயசுப் படமாட்டத் தெரியுது? உங்களை நீங்களே எதுக்குங்க தேடறீங்க?" தமாஷாகத்தான் கேட்டாள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். வசந்தாமணி நாலு தூண் தள்ளி வாளியோடு நின்றிருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்காது. அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன, நீ பெற்ற பிள்ளையை நான் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து என்னை ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்றா சொல்வது? ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸில், கடையில், எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. அவனே அந்த வழியாக வந்து அந்தத் தூணுக்கு முன்னால் நின்றிருந்தால்? யாரோ ஒரு ஆள் காணாமல் போயிருக்கிறான் பாவம் என்று நினைத்துக்கொண்டு படியேறிப் போயிருப்பான்.

இன்னொன்று இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று சொல்லிக்கொள்ளும்போதே வந்துவிட்டது. வயசு ஏறாதவர்களும் உண்டு. எங்கள் பெரியப்பா மகன் கிணற்றில் போனவன், இன்னும் அந்த வீட்டுச் சுவரில் அரை டிராயரோடு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் பிறந்தவர்களெல்லாம் தாத்தா ஆகிவிட்டார்கள். கிருபாவுக்கு நான் ஒவ்வொரு தையிலும் ஒரு வயசு போட்டுக்கொண்டே வருகிறேன். போடப் போட அவன் எங்கேயோ இருக்கிறான், சாப்பிடுகிறான், மீசையைத் திருகுகிறான், யார் மேலோ கோபப்படுகிறான். ஒரு வருஷம் போடாமல் விட்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குத்தான் பயம். இந்தக் கம்ப்யூட்டர் இன்றைக்குப் படுத்துவிட்டால், மூன்று மணி தாண்டிவிட்டால், இந்த வருஷம் அவனுக்கு வயசு ஏறாது. அதற்கு என்ன அர்த்தம் என்று வசந்தாமணி கேட்கமாட்டாள். நான்தான் கேட்டுக்கொண்டே இருப்பேன். மிஷினுக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்க்கிறேன், சூடு. ஃபேனை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்துகிறேன். அவனுக்கு மூன்று வயசில் இப்படித்தான் ஒருநாள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து முறுக்கு கேட்டான். முறுக்கு கேட்டான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்கு.

சரி. மூட வேண்டியதுதான். இந்த வருஷத்துக் கண்ணைத் தட்டினேன், என் கல்யாணத் தாடை போயிற்று. சேவ் கொடுத்தேன். வெள்ளை. அணைத்து, திரும்பத் திறந்து, மறுபடி அதையும் அதற்குக் கீழே இருந்ததையும் மூடினேன், போன வருஷத்து முன்மண்டை போயிற்று, பூக்காரம்மா பார்த்த முகம் போயிற்று. சேவ். வெள்ளை. திரும்பத் திறக்க ஆகிற நேரத்துக்கு ஒரு சோறு ஆக்கிவிடலாம். கண்ணுக்குக் கீழே இருந்த பை போயிற்று. வெள்ளை. நெற்றிக் கோடு போயிற்று, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போட்ட கோடு ஒரு தட்டில் போயிற்று, அந்தக் கவலை என்னவாக இருந்தாலும் அவனை விட்டது என்று ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது, பைத்தியக்காரத்தனம். நிறம் மாறிற்று. வெள்ளை. மீசை போயிற்று, பூனை மீசை போயிற்று, எடுத்த கன்னத்துச் சதை திரும்பி வந்தது, சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். நான் கோளாறைத் தேடுகிறேன், கோளாறைத்தான் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், விரல் கொஞ்சம் வேகமாகப் போக ஆரம்பித்திருந்தது, அவன் எனக்கு எதிரே வருஷம் வருஷமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான், பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவில் நடந்து வருகிறவன் கிட்டே வர வர அடையாளம் தெரிகிற மாதிரி. மொட்டை போயிற்று. முடி வந்தது, அந்த அடங்காத முன்முடி. கட்டம் போட்ட சட்டை. சேவ் கொடுத்தேன். மறுபடியும் வெள்ளை. அப்படியானால் எந்த வருஷத்தின் மேலும் தப்பில்லை. இன்னும் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தேன், பெயர்கூட வைக்காமல் ஒரு சின்ன லேயர், எனக்கு நினைவே இல்லை, மூடினேன். அவன் தோளில் ஒரு கை வந்தது.

வளையல் போட்ட கை. இட்லிக் குண்டான் மூடி சுட்ட தழும்பு, விரல்கள் அவன் சட்டையை லேசாகப் பிடித்திருக்கின்றன, மணிக்கட்டோடு படம் முடிந்துவிடுகிறது. காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் நான்தான் எடுத்தேன், குடும்பப் படம், அதிலிருந்து இவனை மட்டும் வெட்டிக்கொண்டேன். காணாமல் போனவன் தோளில் கை இருந்தால் நன்றாக இருக்காது என்று அந்த முதல் ராத்திரியே சட்டைக் கட்டத்தை நகல் எடுத்து மேலே பூசி மறைத்திருக்கிறேன். அந்தப் பூச்சுத்தான் இத்தனை நாளும் அடியில் கிடந்து கெட்டுப்போயிருக்கிறது. சேவ் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை, நல்ல பிள்ளையாக எடுத்துக்கொண்டது. ஆகக் கோளாறு தெரிந்துவிட்டது. கையை மறைக்கிற பூச்சை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசாக ஒன்று செய்யலாம், பத்து நிமிஷம், அப்புறம் மேலே இருக்கிற கண்களையெல்லாம் திறந்துவிட்டால் இருபத்தொன்பது வயசு கிருபா தயார், அச்சகத்துக்கு நேரம் இருக்கிறது. சந்தோஷமாக ஷாஜகானுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். என் கை போனுக்குப் போகவில்லை. நான் வசந்தாமணியைக் கூப்பிடவில்லை. பசை ஆறிவிட்டதா என்று பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேனோ என்னவோ, திரும்பினால் கரண்டியோடு பின்னால் நிற்கிறாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கரண்டியிலிருந்து பசை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது எங் கை" என்றாள்.

ஆமாம் என்றேன். இத்தனை வருஷமாக அவள் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை, பசை தடவும்போது போஸ்டரின் முதுகைத்தான் பார்ப்பாள், ஒட்டி நிமிர்வதற்குள் அடுத்த தூணுக்குப் போய்விடுவாள். அவளுக்கு வயசான கிருபாவைப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும், அவள் சொன்னதில்லை. இப்போது கிட்டே வந்து குனிந்து பார்த்தாள், ஃபேன் காற்றில் அவள் முன்முடி பறந்தது, மகனுக்கு இருக்கிற அதே அடங்காத முடி, இதைக்கூட நான் ஒரு வருஷமும் போடவில்லையே, என் வழுக்கையைத்தானே போட்டேன். "இந்தச் சட்டையை அன்னைக்குப் போட மாட்டீனு ஒரே அழும்பு. இழுத்துப் புடிச்சு நிக்க வெச்சேன். அதுதானுங்க கையி." கோளாறு அகப்பட்டுவிட்டது என்று சொன்னேன், பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிடுகிறேன், நீ கிளம்பு என்று சொல்லிவிட்டுச் சுட்டியை அந்தக் கண்களிடம் கொண்டுபோனேன்.

"வேண்டாமுங்க. இப்புடியே இருக்கட்டும்."

"பதினேழு வயசு மூஞ்சியை வெச்சு யாரு கண்டுபிடிப்பாங்க, வசந்தா? பன்னெண்டு வருசம் ஆச்சு. பாக்கறவங்களுக்கு அடையாளம் தெரியோணுமல்ல?"

அவள் கரண்டியை மேஜை மேல் வைத்தாள், பசை ஒட்டிக்கொள்ளும் என்றுகூட யோசிக்கவில்லை. "போன வருசம் அந்தப் பூக்காரம்மா சொன்னது எனக்கும் கேட்டுதுங்க" என்றாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கோபமாகச் சொல்வாள் என்று நினைத்தேன், அவள் குரலில் கோபம் இல்லை, களைத்துப்போன குரல். "ஊருக்கு அடையாளம் தெரியலீன்னாப் போகுதுங்க. ஊரு எத்தன வருசமாப் பாத்துச்சு, என்ன ஆச்சு? அவனுக்குத் தெரியோணும். அந்தப் பக்கம் அவன் வந்தான்னா, நின்னு பாத்தான்னா, இது நாந்தான்னு அவனுக்குத் தெரியோணுமல்லோங்க. இது எங்கம்மா கையின்னு தெரியோணுமல்லோங்க." அப்புறம் கையை நீட்டித் திரையில் அந்தத் தோள் இருக்கிற இடத்தைத் தொட்டாள், அந்தக் கைக்குப் பக்கத்தில் இந்தக் கை, வளையல் இல்லை, தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. "அந்தக் கையை எடுத்துராதீங்க."

எடுக்கவில்லை. அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வாளியில் பசையை ஊற்றுகிற சத்தம் கேட்டது. அழுதேன், அவளுக்குக் கேட்காமல், ஃபேன் சத்தம் உதவி செய்தது. மணி இரண்டே கால். வயசு என்ற இடத்தில் இருபத்தொன்பது என்று நேற்றே அடித்திருந்தேன், அதைத் தொடவில்லை, அது அவன் சம்பாதித்த வயசு, எங்கே இருந்தாலும். அதற்குக் கீழே அடையாளங்கள் என்ற வரியில் மீசை, மாநிறம், முன்வழுக்கை என்று நான் வருஷா வருஷம் சேர்த்து வைத்ததெல்லாம் நீளமாகக் கிடந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். அந்தப் பழைய ஃபாண்டிலேயே, பழைய சாவிகளிலேயே தட்ட ஆரம்பித்தேன். தோளில் இருப்பது என்று அடித்துவிட்டு, எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் அம்மா என்று வந்தது. பக்கத்தில் கை என்று சேர்த்துவிட்டு சேவ் கொடுத்தேன்.